சங்கரா மீனுக்குத் தலையாட்டிய அப்பா

எனக்கு மருத்துவப் படிப்பில் இடம் வாங்கிக் கொடுத்தது சங்கரா மீன்.

இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்க்கும் டாக்டர்கள் நெளிகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல கதை இருக்கிறது. சின்ன வயதிலேயே ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஏழைகளின் கண்ணீரைக் கண்டு மனம் உருகினேன் என்று. என்னிடம் இருப்பது மீன் மட்டும்தான். அதுவும் நான் வாங்கிய மீன் இல்லை.

வெயில் ஏறிய நேரம். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஸ்டூல், ஸ்டூல் மேல் கவிழ்த்து வைத்த இட்லிப் பானை, பானை மேல் இரவல் லேப்டாப். லேப்டாப்புக்குள் பல்கேரியா நாட்டுப் பேராசிரியர் ஒருவர் நரைத்த மீசையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே எனக்குப் புது சுடிதார், துப்பட்டாவுக்கு ஊக்கும் குத்தியாகிவிட்டது. கேமராவுக்குத் தெரியாத கீழ்ப்பகுதியில் பழைய பைஜாமா.

இன்டர்நெட் எங்களுடையது இல்லை. பக்கத்து வீட்டு சொல்தா மாமாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மாமாவின் வைஃபை சுவரைத் தாண்டி எங்கள் கூடத்தில் ஒரே ஒரு மூலைக்குத்தான் வரும். அந்த மூலையில் உட்கார்ந்தால் என் முதுகுக்குப் பின்னால் தெருவாசல் முழுசாகத் தெரியும். அதனால் அப்பாவை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்தோம். அவருக்கு இரண்டே உத்தரவு. யாரையும் உள்ளே விடக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது.

பெயர், பள்ளிக்கூடம், உயிரியல் பாடத்தில் ரெண்டு கேள்வி எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று என் குரல் அந்தப் பக்கம் போகாமல் நின்றுவிட்டது. பேராசிரியர் காதைத் தொட்டுக் காட்டினார். "உங்கள் சத்தம் வரவில்லை. நான் பேசுவது கேட்கிறதா? கேட்டால் தலையை அசைத்துக் காட்டுங்கள்" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் அசைத்தேன். மனிதர் முகம் வாடிப்போனது.

அங்கேயே அவரைக் கொஞ்சம் உட்கார வைத்துவிட்டு, தலையைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாரடைஸ் போகுமா?

எங்கள் அப்பா தணிகாசலம் பேசுவதைவிடத் தலையாட்டுவதுதான் அதிகம். மில்லில் இருந்த காலத்துப் பழக்கம் என்பார். தறி ஓடும் சத்தத்தில் கத்தினாலும் கேட்காதாம். அதனால் சம்மதம் என்றால் தலை வலது தோளுக்கும் இடது தோளுக்கும் சாய்ந்து சாய்ந்து போய் வரும். சாப்பாடு போடவா என்றால் அதே ஆட்டம். கல்யாணத்துக்குப் போகலாமா என்றாலும் அதேதான். மில்லை மூடினார்கள். சத்தம் போய்விட்டது. ஆட்டம் மட்டும் போகவில்லை.

பிறகு நோணாங்குப்பம் போட் ஹவுசில் ஒரு வேலை கிடைத்தது. பாரடைஸ் பீச்சுக்குப் போகிற படகில் ஏறும் இடத்தில் நின்று டிக்கெட் கிழித்துவிடும் வேலை. வெள்ளைக்காரர்கள் வந்து, "பாரடைஸ்?" என்று கேட்பார்கள். அப்பா அழகாகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். அவர்கள் இல்லை என்று புரிந்துகொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். அப்பா ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பார்.

சொர்க்கத்துக்குப் போகுமா என்று கேட்டு வந்தவர்களை இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாரோ தெரியாது. சூப்பர்வைசர் ஒருநாள் அம்மாவைப் பார்த்து, "யக்கா, அவர வாயத் தொறந்து எஸ்ஸுன்னு சொல்லச் சொல்லுக்கா" என்று கெஞ்சினாராம்.

பென்சன் தராத நாடு

நீட் தேர்வில் நான் தேறிய லட்சணத்தைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். தேறினேன், ஆனால் உள்ளூரில் சீட்டு கிடைக்கிற அளவுக்குத் தேறவில்லை. வெளிநாடு என்று பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான்.

டாக்டர் ஆசை என்னைவிட அம்மாவுக்குத்தான் அதிகம். அம்மா கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மக்கள் சேவை எண்ணமெல்லாம் கிடையாது. "அந்த எடத்துல எல்லாரும் நின்னுக்குனே இருக்கணும்டி. டாக்டருக்கு மட்டுந்தான் நாற்காலி" என்பாள். நான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவள் கனவு. இன்றைக்கு நான் டியூட்டியில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஏகப்பட்ட ஏமாற்றம்.

பாப்பா வெளிநாடு போவுது என்று அம்மா சொன்னதும் தெருவே கேட்ட கேள்வி, "பாரிசா, மர்செய்யா?" எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் பிரான்ஸ். மற்ற நாடுகள் எல்லாம் டிவியில் வருபவை. பல்கேரியா என்று சொன்னதும் சொல்தா மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பல்கேரியாவா? அங்க எதுக்கும்மா போற? அவன் பென்சன்லாம் குடுக்க மாட்டானே!"

அவரைப் பொறுத்தவரை பென்சன் தராத நாடு நாடே இல்லை. அத்தை ஒருத்தி இன்னும் தெளிவாக யோசித்தாள். "வெளிநாடு போவணும்னா ஒரு நேஷனாலிட்டி மாப்பிள்ளைய பாத்துக் கட்டிக்குடு. அதுக்கு எதுக்குப் படிச்சிக்கினு?" பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையனுக்குத்தான் எங்கள் ஊரில் நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்று பெயர். ஆள் எப்படி இருக்கிறான் என்று இரண்டாவதாகத்தான் விசாரிப்பார்கள்.

எல்லோரும் எதையாவது சொன்னார்கள். அப்பா ஒருவர்தான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. "போவட்டுமாப்பா?" என்று நான் நேராகக் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அம்மா கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். தண்ணீர் குடிக்கவா என்று கேட்டாலும் ஆடுகிற தலை, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கல்லாகிவிட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சும்மா இருக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "சீட்டு கெடைக்கட்டும். ஆனா அவரு சரின்னு சொல்லாம நீ கெளம்பக் கூடாது."

மேலே, கீழே

எங்களுக்கு ஏஜென்ட்டாக வாய்த்தவர் ஸ்டீபன் சார். பல்கேரியாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அந்த நாட்டை நேரில் பார்த்ததில்லை என்ற ஒரு குறைதான். கழுத்தில் டை கட்டியிருப்பார், காலில் ரப்பர் செருப்பு இருக்கும்.

முதல் நாள் அவர் என்னமோ கேட்டார். நான் அப்பா பெண் அல்லவா, தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டினேன். சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தோ பாரும்மா, இந்தத் தஞ்சாவூர் பொம்மை வேலைலாம் இங்கியே விட்டுடு. வெள்ளக்காரனுக்கு இது புரியாது. நோன்னு நெனச்சிடுவான். எஸ்ஸுன்னா மேல, கீழ. எங்க, பண்ணு பாக்கலாம்."

பண்ணினேன். கழுத்து பக்கவாட்டில்தான் போனது. இத்தனை வருஷம் ஆடிய கழுத்து ஒரே நாளில் கேட்குமா? சார் தன் விரலை என் முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் ஓட்டினார். நான் அதையே பார்த்துத் தலையை ஓட்டினேன். வீட்டுக்கு வந்தும் பயிற்சி. அம்மா சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "சாதம் போடட்டா?" என்பாள். நான் பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் ஆட்டினால் கரண்டி சட்டிக்கே திரும்பிப் போய்விடும். மேலே கீழே ஆட்டினால்தான் சோறு.

அப்பா மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது, கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்று தலையை மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சீப்பை எடுத்து வாரிக்கொண்டார். வார அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

மறுபடியும் இட்லிப் பானை

வாடிய முகத்தோடு பேராசிரியர் காத்திருக்கிறார். போவோம்.

கேட்கிறதா என்றார். ஸ்டீபன் சார் சொல்லிக் கொடுத்தபடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல மேலே, கீழே அசைத்தேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். மருத்துவம் படிக்க விருப்பமா என்றார். இன்னும் வேகமாக அசைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த அம்மையாரிடம் அவர்கள் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். அந்த அம்மாள் என்னைப் பாவம் என்பது போலப் பார்த்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போதுமான அளவு ஆட்டவில்லையோ என்று நினைத்துக் காதில் ஜிமிக்கி தெறிக்கும்படி ஆட்டினேன். கழுத்தில் ஒரு நரம்பு சுளுக்கிக்கொண்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு வருடம் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

என் பாடப் புத்தகத்திலேயே இல்லாத ஒரே கேள்வி. எனக்கே விடை தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மேலே, கீழே.

சரியாக அந்த நேரத்தில்தான் வைத்திக்குப்பத்து அஞ்சலை அக்கா மீன் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். அக்காவும் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு, இழவு வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

"சங்கரா இருக்குதுண்ணே. போடட்டா?"

வாயைத் திறக்கக் கூடாது. சங்கராவை விடவும் மனசில்லை. அப்பா என்ன செய்வார்? தலையை வலது தோள், இடது தோள், மறுபடி வலது தோள் என்று வாசலை நிறைத்து ஆட்டினார்.

லேப்டாப்பில் பேராசிரியரின் மீசை மலர்ந்தது. என் தோளைத் தாண்டிப் பின்னால் கையைக் காட்டி, "அதோ, அது உங்கள் அப்பாவா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா அடுத்த கேள்வி கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, அப்பா இன்னும் உற்சாகமாக ஆட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர் சிரித்துக்கொண்டே தானும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். பக்கத்து அம்மையாரும் ஆட்டினாள். மூன்று பேர் ஆடுகிறார்கள், நடுவில் நான் கழுத்துச் சுளுக்கோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து நாளுக்குள் இடம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. ஸ்டீபன் சார் அம்மாவிடம், "பாத்தீங்களா, எல்லாம் அந்த மேல கீழதான்" என்று மார்தட்டிக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நான் ஆசையோடு கேட்டேன். "அப்பா, அன்னிக்கு அவரு ஒனக்கு சம்மதமான்னு கேட்டப்ப அப்பிடி தலையாட்டுனியே. அப்ப ஒனக்கு சரிதானே?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "அவரு எப்ப என்னைக் கேட்டாரு? அஞ்சலை சங்கரா போடட்டான்னு கேட்டா. அப்புறம் அரிஞ்சி குடுக்கட்டான்னு கேட்டா. அதுக்குத்தான் ஆட்டுனேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சீட்டு கிடைத்துவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால்

சென்னை ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் பிடித்து, எனக்கு ஒரு சீட்டும் மற்றவர்களுக்கு மிச்சமுமாகப் போனோம். சொல்தா மாமாவும் வந்தார். பிரான்ஸ் இல்லை என்ற வருத்தம் இருந்தாலும் ஏர்போர்ட் பயணத்தைத் தவறவிட அவருக்கு மனசு வரவில்லை. அம்மா கருவாட்டை நாலு கவர் போட்டுச் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். நாலு கவரையும் தாண்டி அது தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே வந்தது.

உள்ளே போக வேண்டிய நேரம் வந்தது. அம்மா அழுதுகொண்டே என் துப்பட்டாவைச் சரி செய்தாள். அப்பா சலவைச் சட்டையில் தள்ளி நின்றார். நான் அவரிடம் போய் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"நான் போவட்டுமாப்பா?"

டிவி இல்லை. டீக்கடையும் பக்கத்தில் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக மேலே தூக்கி, கீழே இறக்கினார். மறுபடி மேலே, மறுபடி கீழே. ஸ்டீபன் சார் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார், அவ்வளவு சுத்தமான வெளிநாட்டு எஸ்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அப்பா சரி சொல்லிவிட்டார், அதுவும் கண்ணாடி முன்னால் நின்று பழகி, எனக்காக அவர்கள் பாணியில் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலை இன்னும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

பால் இருக்கிறதா?

போய்ச் சேர்ந்த மறுநாள் ஹாஸ்டலுக்கு எதிரே இருந்த கடைக்குப் பால் வாங்கப் போனேன். இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். கடைக்காரர் தலையை மேலே தூக்கிக் கீழே இறக்கினார். சரி, எடுத்துத் தருவார் என்று நின்றேன். அவர் தரவில்லை. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் மேலே, கீழே. அவர் குரலும் ஏறிவிட்டது. நானும் நகரவில்லை. இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தராத கடைக்காரனை நான் முதலியார்பேட்டையில்கூடப் பார்த்ததில்லை.

பின்னால் நின்ற சீனியர் அக்கா, பாலக்காட்டுப் பெண், சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அவளுடைய தமிழில் விளக்கினாள்.

"இந்த ஊர்ல மேல கீழ ஆட்டினா 'இல்லை'ன்னு அர்த்தம் மோளே. 'ஆமா'ன்னா நம்ம ஊர் போலத்தான், ரெண்டு பக்கமும்."

நான் பால் இல்லாமல் ஹாஸ்டல் படியில் வந்து உட்கார்ந்தேன். பேராசிரியர் வாடிப்போனதும் அந்த அம்மையார் பாவம் பார்த்ததும் இப்போதுதான் புரிந்தது. படிக்க விருப்பமா என்று கேட்டவரிடம் நான் ஜிமிக்கி தெறிக்க 'இல்லை, இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். பின்னாளில் அவரிடமே இதைக் கேட்டேன். "வெளிநாட்டுப் பிள்ளைகள் மாற்றி ஆட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் உன் முகமும் வேண்டாம் என்றுதானே சொன்னது? உன் அப்பா ஒருவர்தான் தெளிவாக இருந்தார்" என்றார். அந்தத் தெளிவு எதற்கு என்று நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, ஏர்போர்ட் கண்ணாடி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோம். அதே மூலை, அதே இட்லிப் பானை. இந்த முறை போன் அதன் மேல் இருந்தது. அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். நான் பால் கதையைச் சொன்னேன். இன்டர்வியூ கதையைச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

"மேல கீழ ஆட்டுனா இங்க வேணாம்னு அர்த்தமாம்ப்பா" என்றேன்.

அப்பா பனியனின் விளிம்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அப்பிடியா? அப்ப ஏர்போர்ட்டுல நான் சொன்னத அந்த ஊருக்காரனுங்க பாத்திருந்தா, கரெக்டா புரிஞ்சிக்கினு இருப்பானுங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து போனைக் குனிந்து பார்த்தாள். "என்னாங்க இது, படம் அப்பிடியே நின்னுப் போச்சி" என்று சொல்லி, சொல்தா மாமாவின் வைஃபையைத் திட்ட ஆரம்பித்தாள்.

படம் நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.